சர்ச்சை நிரப்பிய இருக்கைகளும் காலியாக விட்ட இருக்கைகளும்

புதுதில்லி: ஒரு திரைப்படத்தைத் தடை செய்யக் கோரிப் போராடினால் அதற்கு இலவச விளம்பரம் கிடைத்துவிடும் என்பது அரசியல் வட்டாரங்களில் நெடுநாளாக நிலவிவரும் நம்பிக்கை. அதில் பாதிதான் உண்மை. மதம், அரசியல் சார்ந்த படங்களைச் சுற்றி எழுந்த சர்ச்சைகள் சிலவற்றைக் கோடிகளில் புரள வைத்துள்ளன. வேறு சில படங்கள் தலைப்புச் செய்திகளில் இடம்பெற்றும் திரையரங்குகளில் ஆளின்றி ஓடியுள்ளன. இன்னும் சில, ரசிகர்களின் கண்ணில் படாமலேயே போயிருக்கின்றன.

2006-ல் "டா வின்சி கோட்' படத்துக்குக் கிறிஸ்தவ அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தபோது, அன்றைய தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சர் பிரியரஞ்சன் தாஸ்முன்ஷி, திருச்சபைப் பிரதிநிதிகளுடன் அமர்ந்து படத்தைப் பார்த்தார். "இது கற்பனைக் கதை' என்ற அறிவிப்புடன் "ஏ' சான்றிதழ் வழங்கப்பட்டது. பிற நாடுகளில் மே 19-ல் வெளியான படம், இந்தியாவில் ஒரு வாரம் தாமதமாகத் திரைக்கு வந்தது. ஆனாலும் பஞ்சாப், நாகாலாந்து, ஆந்திரம், தமிழகம் உள்ளிட்ட மாநிலங்கள் தடை விதித்தன. ஆந்திர உயர் நீதிமன்றமும் சென்னை உயர் நீதிமன்றமும் அந்தந்த மாநிலத் தடைகளை ரத்து செய்தன. உலக அளவில் அந்தப் படம் 75 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது.

பார்க்கும் முன்பே விசாரணை

பார்க்காத படத்தின் மீது தீர்ப்புச் சொல்லும் போக்கு உச்சத்தைத் தொட்டது "பத்மாவதி' விவகாரத்தில். 2017 ஜனவரியில் ஜெய்ப்பூரில் படப்பிடிப்புத் தளம் தாக்கப்பட்டது. தணிக்கைச் சான்றிதழ் கிடைக்கும் முன்பே, அதே ஆண்டு நவம்பர் இறுதியில் இயக்குநர் சஞ்சய் லீலா பன்சாலி நாடாளுமன்றக் குழு முன் ஆஜராகி விளக்கம் அளிக்க நேர்ந்தது.

டிசம்பர் 1-ல் வரவேண்டிய படம், "பத்மாவத்' எனப் பெயர் மாறி 2018 ஜனவரி 25-ல் வெளியானது. ராஜஸ்தான், குஜராத் அரசுகளின் தடைக்கு அதற்கு ஒரு வாரம் முன்பு உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. இருந்தும், வெளியீட்டுக்கு முந்தைய நாள் குருகிராமில் குழந்தைகள் சென்ற பள்ளிப் பேருந்து மீது கல்வீச்சு நடந்தது. உலக அளவில் 500 கோடி ரூபாய்க்கு மேல் ஈட்டிய அந்தப் படத்தின் கணக்கில், பேருந்தின் இருக்கைகளுக்கு அடியில் ஒளிந்த குழந்தைகளின் அச்சம் சேர்வதில்லை.

ஒரே இயக்குநர், இரு முடிவுகள்

நட்சத்திர பலமோ பெரும் பொருட்செலவோ இல்லாத "தி காஷ்மீர் ஃபைல்ஸ்' 2022 மார்ச் 11-ல் வெளியானது. முதல் நாள் வசூல் சுமார் மூன்றரைக் கோடி ரூபாய்தான். நான்கு நாள்களுக்குப் பிறகு பாஜக நாடாளுமன்றக் கட்சிக் கூட்டத்தில் பிரதமர் நரேந்திர மோடி படத்தைப் பாராட்டினார். பாஜக ஆளும் மாநிலங்கள் பலவும் வரிவிலக்கு அளித்தன. தில்லி சட்டப்பேரவையில் அரவிந்த் கேஜரிவால் அதைக் கேலி செய்தார். ஆதரவும் எதிர்ப்பும் சேர்ந்து திரையரங்குகளை நிரப்பின. உள்நாட்டு வசூல் சுமார் 250 கோடியை எட்டியது.

2023 மே மாதம், கர்நாடகத் தேர்தல் பிரசாரத்தின் உச்சத்தில் "தி கேரளா ஸ்டோரி' வந்தது. பல்லாரிக் கூட்டத்தில் பிரதமர் அதைக் குறிப்பிட்டார். மேற்கு வங்கம் தடை விதித்தது. உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. 32,000 பெண்கள் மதம் மாற்றப்பட்டதாகக் கூறும் எண்ணிக்கைக்கு நம்பகமான ஆதாரம் இல்லை என்ற அறிவிப்பைப் படத்தில் சேர்க்கவும் உத்தரவிட்டது. அதற்குள் அந்த எண் நாடெங்கும் பரவிவிட்டது. படமும் 200 கோடியைத் தாண்டியது.

இதே சூத்திரம் அடுத்தடுத்துப் பலிக்கவில்லை. "காஷ்மீர் ஃபைல்ஸ்' இயக்குநர் விவேக் அக்னிஹோத்ரியின் "தி பெங்கால் ஃபைல்ஸ்' 2025 செப்டம்பரில் வெளியானது. கொல்கத்தாவில் முன்னோட்ட வெளியீடு தடைப்பட்டது, குடியரசுத் தலைவருக்கு முறையீடு எனச் செய்திக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் வசூல் இல்லை. அதே ஆண்டு ஜனவரியில், மக்களவை உறுப்பினர் கங்கனா ரணாவத் இயக்கி நடித்த "எமர்ஜென்சி'யும் அப்படித்தான். சீக்கிய அமைப்புகளின் எதிர்ப்பு, சான்றிதழ்த் தாமதம், மும்பை உயர் நீதிமன்ற வழக்கு என்று பல மாதங்கள் பேசப்பட்ட அந்தப் படம் தோல்வியைத் தழுவியது.

ஒரு படம் வந்திருப்பதை ஊருக்கெல்லாம் சொல்வதோடு சர்ச்சையின் வேலை முடிந்துவிடுகிறது என்பதையே இந்த அனுபவங்கள் உணர்த்துகின்றன. அதன் பிறகு, பார்த்துவிட்டு வந்தவர் அடுத்த வீட்டுக்காரரிடம் என்ன சொல்கிறார் என்பதே கணக்கு. தொலைக்காட்சி விவாதத்தில் எல்லாவற்றையும் கேட்டு முடித்தவர், அதே வாதத்தைக் காசு கொடுத்து மீண்டும் கேட்க விரும்புவதில்லை.

வெளிச்சம் படாத படங்கள்

சர்ச்சையால் லாபம் அடைய, முதலில் திரையரங்கின் கதவு திறக்க வேண்டும். 2002 குஜராத் கலவரத்தில் மகனைத் தொலைத்த பார்சி குடும்பத்தைப் பற்றிய "பர்சானியா' தேசிய விருதுகள் பெற்ற படம். 2007-ல் அது வெளியானபோது, எந்த மாநிலத்தின் கதையோ அந்த மாநிலத்துத் திரையரங்கு உரிமையாளர்களே அச்சம் காரணமாகத் திரையிட மறுத்துவிட்டனர். மனித உரிமை ஆர்வலர் ஜஸ்வந்த் சிங் கால்ராவின் வாழ்க்கையை ஒட்டிய "பஞ்சாப் 95' படத்துக்கு நூற்றுக்கும் மேற்பட்ட வெட்டுகள் கோரப்பட்டன. 2025 பிப்ரவரியில் வெளிநாடுகளில் வெளியிடும் திட்டமும் கைவிடப்பட்டது.

நெருக்கடி நிலைக் காலத்தில் அம்ரித் நாஹட்டாவின் "கிஸ்ஸா குர்சி கா' படத்தின் மூலச்சுருளே அழிக்கப்பட்டது. அவர் அதை மீண்டும் எடுத்து 1978-ல் வெளியிட்டார். இன்று மக்கள் நினைவில் நிற்பது அதன் வழக்குதான். படத்தைப் பார்த்தவர்கள் குறைவு.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. "ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்ப் படம் தொடர்பான வழக்கில், போராட்ட மிரட்டலைக் காரணம் காட்டிக் கருத்துச் சுதந்திரத்தை ஒடுக்க முடியாது, சட்டம் ஒழுங்கைக் காப்பது அரசின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே கூறிவிட்டது. ஆனால் அந்தப் பாதுகாப்பைத் தேடிச் செல்லும் வழி குறுகியிருக்கிறது. வாரியத்தின் முடிவை எதிர்த்து முறையிட இருந்த திரைப்படச் சான்றிதழ் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021-ல் கலைக்கப்பட்டது. இனி உயர் நீதிமன்றம்தான். வயதுக்கேற்பச் சான்றளிப்பதோடு வாரியம் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்ற ஷியாம் பெனகல் குழுவின் 2016-ஆம் ஆண்டுப் பரிந்துரையில், 2023-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் வயதுப் பிரிவுகளைச் சேர்த்தது. வெட்டச் சொல்லும் அதிகாரத்தை விட்டுவைத்தது.

பெரிய நிறுவனம் மூத்த வழக்கறிஞரை அமர்த்தி ஒரு வாரத்தில் உச்ச நீதிமன்ற உத்தரவுடன் திரும்ப முடியும். கடன் வாங்கிப் படமெடுத்தவருக்கு ஒவ்வொரு வாய்தாவும் வட்டி. எதிர்ப்பாளர்களின் கூச்சல் அவருக்கு விளம்பரமாக மாறுவதில்லை. திரையரங்கின் பூட்டாகவே மாறுகிறது.