துண்டுப் பலகையும் வீட்டுச் சாமான்களும்

திருச்சிராப்பள்ளியிலிருந்து திண்டுக்கல் செல்லும் மார்க்கத்தில் மணப்பாறையைத் தாண்டிச் சென்றால் வையம்பட்டி. இப்பக்கத்துத் தச்சுப் பட்டறைகளில் நிலையும் கதவும் செய்தபின் மிஞ்சுகின்ற வேம்பு, வாகை, தேக்குத் துண்டுகள் பெரும்பாலும் அடுப்பிற்கே இரையாகின்றன. ஒரு சாண் தேக்குத் துண்டு, ஒரு வேளைக் காப்பிக்கு வெந்நீர் வைப்பதோடு சாம்பலாகிவிடுகிறது. அதை எரித்த குடும்பத்தாரே கடைத்தெருவில் காசு கொடுத்துப் பிளாஸ்டிக் கரண்டி வாங்கி வருகிறார்கள்! இது என்ன கணக்கோ நமக்கு விளங்கவில்லை.

நம் முன்னோர் மரத்துண்டின் அருமையை அறிந்தவர்கள். மத்து, அஞ்சறைப் பெட்டி, பல்லாங்குழி, நடைவண்டி, மரப்பாச்சி எல்லாம் பட்டறையில் பிறந்தவையே. மணப்பாறைக்குப் பேர் வாங்கித் தந்த முறுக்குக்குங்கூட முற்காலத்தில் மர உரல்தான். ஊறுகாய் ஜாடியில் இன்றும் மரக்கரண்டியே உத்தமம். புளிப்பு இரும்பையும் பித்தளையையும் அரித்துவிடும்.

1937-ம் வருஷம் காந்தியடிகள் வார்தாவில் கூட்டிய கல்வி மகாநாட்டின் பயனாக, ஜாகீர் உசேன் கமிட்டியார் பள்ளிக்கேற்ற கைத்தொழில்களுள் தச்சு வேலையையும் சேர்த்தனர். அத்திட்டம் நாளடைவில் மங்கிற்று. பரீட்சையில் முதல்வனாகத் தேறும் பிள்ளைக்கு ஓர் ஆணியை நேராக அடிக்கத் தெரியவில்லை.

வேலை தொடங்குவோர் முதலில் கவனிக்க வேண்டியது மரத்தின் ஈரம். உலரும்போது மரம் நீளவாக்கில் ஏறக்குறையச் சுருங்குவதேயில்லை, குறுக்குவாக்கில்தான் சுருங்குகிறது. ஆகையால் பச்சை மரத்தில் செய்த பெட்டி சில மாதங்களில் வாய் பிளக்கும். துண்டுகளை நிழலில், காற்றோட்டமாக அடுக்கி உலர்த்த வேண்டும். அடுத்தது நாரின் போக்கு. கரண்டிக் காம்பு நாரோடு நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே அறுத்தால் முதல் கிண்டலிலேயே முறியும். பலகையோரத்தில் ஆணி அடிப்பதற்குமுன் துறப்பணத்தால் சிறு துளையிட்டுக்கொள்வது நலம். இல்லையேல் பலகை பிளந்துபோகும். இழைப்புளி, சிறு வாள், இரண்டு உளி, கொட்டாப்புளி, உப்புத்தாள் இவ்வளவு போதும். சாவி மாட்டும் பலகை, சூடான பாத்திரம் வைக்கும் மணை, அகல் விளக்கு மாடம் முதலியவை பத்து வயதுப் பிள்ளைகளுக்குத் தகுந்தவை. உளியை மட்டும் பெரியவர் அருகிலிருந்தே கொடுக்க வேண்டும்.

ஒன்றை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். அயல்நாட்டுச் சரக்கோடு வரும் பெட்டிப் பலகைகளில் கோதுமைக் கதிர் முத்திரை காணப்படும். அருகில் 'எச்.டி.' என்ற ஆங்கில எழுத்துக்கள் இருந்தால் வெப்பத்தால் பூச்சி நீக்கப்பட்டது, 'எம்.பி.' என்றிருந்தால் மெதில் புரோமைடு என்னும் விஷப்புகையூட்டப்பட்டது. பின்னதை வீட்டிற்குள் கொண்டுவரலாகாது. ஒட்டுப்பலகையும் சமையற் சாமானுக்கு உதவாது. அதன் பசையை உத்தேசித்து அடுப்பிலும் போடக்கூடாது.

சமையற்கட்டுச் சாமானுக்கு வர்ணம் வேண்டாம். கழுவியவுடன் துடைத்து நிழலில் சாய்த்து வைத்தால் போதும். இரவெல்லாம் தண்ணீரில் ஊறப்போட்டால் எந்த மரமும் தாங்காது.