டாலரைக் காணவில்லை

இணையப் பக்கம் கட்டுகிற வேலையில் இருப்பவர்களுக்குப் பழகிப்போன ஒரு சிவப்பு வரி உண்டு. டாலர் குறி வரையறுக்கப்படவில்லை என்று உலாவியின் கன்சோல் அறிவிக்கும். மெனு திறக்காது, படவரிசை நகராது, பொத்தானை அழுத்தினால் சலனமே இருக்காது. நிரலைத் திறந்து பார்த்தால் ஒவ்வொரு வரியும் சரியாகவே இருக்கும். இன்னொரு முறை ரீலோட் செய்தால் சில நேரம் எல்லாம் ஒழுங்காக ஓடவும் செய்யும். கோளாறு நிரல்களுக்குள் இல்லை. அவை ஓடிய வரிசையில் இருக்கிறது.

அந்த டாலர் குறி, ஜேக்வரி நூலகத்தின் சுருக்கப் பெயர். ஜான் ரெசிக் 2006இல் வெளியிட்டது. உலாவிக்கு உலாவி வேறு மாதிரி எழுத வேண்டியிருந்த தொல்லையை அது தீர்த்ததால் காட்டுத்தீயாகப் பரவியது. வேர்ட்பிரஸ் தளங்களிலும் பழைய தளங்களிலும் இன்றும் ஓடுகிறது. ஜேக்வரி கோப்பு ஓடி முடிந்த பிறகுதான் டாலர் என்ற பெயரே அந்தப் பக்கத்தில் பிறக்கும். அதற்கு முன்னால் யார் கூப்பிட்டாலும், அப்படி யாரும் இங்கே இல்லை என்றுதான் உலாவி சொல்லும்.

உலாவி பக்கத்தை மேலிருந்து கீழாக வாசிக்கிறது. ஸ்கிரிப்ட் டேக் எதிர்ப்பட்டால் வாசிப்பை நிறுத்திவிடும். கோப்பை இறக்கி, ஓட்டி முடித்த பிறகே அடுத்த வரிக்குப் போகும். இந்தப் பிடிவாதத்தின் வேர் 1995இல் இருக்கிறது. நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் முதல் வடிவம் கொடுத்த ஜாவாஸ்கிரிப்டில், டாக்குமென்ட் ரைட் என்றொரு கட்டளை உண்டு. வாசிப்பு நடந்துகொண்டிருக்கும் அதே இடத்தில் புதிய வரிகளைப் பக்கத்துக்குள் செருகிவிடும். அடுத்து வரப்போவதையே ஒரு ஸ்கிரிப்ட் மாற்றலாம் என்றால், அது முடியாமல் உலாவி எதை நம்பி மேலே வாசிப்பது? இன்று அந்தக் கட்டளையை யாரும் பரிந்துரைப்பதில்லை. அதற்காகப் போட்ட விதி மட்டும் அப்படியே நிற்கிறது.

விதியில் ஒரு நன்மையும் இருந்தது. எழுதிய வரிசையே ஓடும் வரிசை. ஜேக்வரியை முதலிலும் அதைச் சார்ந்தவற்றைப் பின்னாலும் எழுதினால் போதும். விலையாக, கோப்புகள் வந்து சேரும்வரை வாசகர் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். யாஹூவில் பணியாற்றிய ஸ்டீவ் சவுடர்ஸ் 2007இல் வெளியிட்ட நூலில், ஸ்கிரிப்டுகளைப் பக்கத்தின் அடியில் வையுங்கள் என்றார். உலகமே அப்படிச் செய்தது.

பிறகு டிஃபர், அசிங்க் என்ற இரண்டு பண்புகள் புழக்கத்துக்கு வந்தன. டிஃபர் 1997இன் எச்டிஎம்எல் 4 தரத்திலேயே இருந்தும் வெகுகாலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. இரண்டிலுமே கோப்பு பின்னணியில் இறங்கும், இறங்கும் நேரத்தில் வாசிப்பு தடைபடாது. டிஃபர் போட்ட ஸ்கிரிப்டுகள் பக்கம் முழுக்க வாசிக்கப்படும்வரை காத்திருந்து, எழுதிய வரிசையிலேயே ஓடும். அசிங்க் போட்டவற்றுக்கு வரிசையே கிடையாது. எது முதலில் வந்து சேர்கிறதோ அது முதலில் ஓடும்.

ஜேக்வரியின் சுருக்கிய கோப்பு 90 கிலோபைட்டை ஒட்டி இருக்கும். அதை நம்பியிருக்கும் படவரிசை நிரல் சில கிலோபைட்தான். இரண்டுக்கும் அசிங்க் போட்டால் சின்னது முந்திக்கொள்ள நிறைய வாய்ப்பு. நிரலாளரின் கணினியில் ஜேக்வரி ஏற்கெனவே கேஷில் இருப்பதால் அங்கே எல்லாம் சரியாக ஓடும். பேருந்தில் உட்கார்ந்து மொபைலில் பார்ப்பவருக்குத்தான் உடையும். "என் மெஷினில் ஓடுகிறதே" என்ற புகழ்பெற்ற வாக்கியத்துக்குப் பாதிக் காரணம் இது. பிழையைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் உலாவியின் டெவலப்பர் கருவியில் கேஷை அணைத்து, நெட்வொர்க் வேகத்தைக் குறைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். கன்சோலில் பத்துப் பிழைகள் தெரிந்தால் முதல் பிழையை மட்டும் படியுங்கள். மற்றவை பெரும்பாலும் அதன் பிள்ளைகள்.

நடைமுறையில் அதிகம் சிக்கவைப்பது இன்னொரு பொறி. தளத்தின் வேகத்தைக் கூட்டுகிறேன் என்று ஒருவர் ஜேக்வரிக்கு டிஃபர் போடுவார். சில சமயம் வேகம் கூட்டும் பிளக்இன் அவருக்குச் சொல்லாமலே போட்டுவிடும். பக்கத்தின் நடுவில், எச்டிஎம்எல்லோடு கலந்து நேரடியாக எழுதிய நான்கு வரி ஸ்கிரிப்ட் ஒன்று டாலரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். கோப்பாக வராமல் பக்கத்திலேயே எழுதப்பட்ட சாதாரண ஸ்கிரிப்டுக்கு டிஃபர் செல்லாது, எழுதினாலும் உலாவி கண்டுகொள்ளாது. வாசிப்பு அங்கே வந்த கணமே அது ஓடும். ஐயர் வரும்வரை அமாவாசை காத்திருக்காது. அந்த நான்கு வரியைத் தனிக் கோப்பாக்கி, ஜேக்வரிக்குப் பின்னால் டிஃபருடன் சேர்க்கலாம். அல்லது பக்கம் வாசித்து முடிந்ததும் எழும் டாம் கன்டென்ட் லோடட் நிகழ்வுக்குள் வைக்கலாம். டிஃபர் ஸ்கிரிப்டுகள் ஓடி முடித்த பிறகே அந்த நிகழ்வு எழும். அரை விநாடி தாமதித்து ஓட்டு என்று டைமர் வைப்பவர்களும் உண்டு. அது பழுதுபார்ப்பு அல்ல, பிழையை மெதுவான இணைப்பு உள்ளவரின் தலையில் கட்டுவது.

வரிசை சரியாக இருந்தும் டாலர் கைவிடும் இடங்களும் இருக்கின்றன. வேர்ட்பிரஸ்ஸோடு வரும் ஜேக்வரி, மற்ற நூலகங்களோடு மோதாமல் இருக்க டாலர் பெயரை விட்டுக்கொடுத்துவிடுகிறது. ஜேக்வரி என்ற முழுப்பெயரால்தான் கூப்பிட வேண்டும். அப்போது கன்சோலின் வாசகமே மாறும்: வரையறுக்கப்படவில்லை என்பதற்குப் பதிலாக, டாலர் ஒரு ஃபங்ஷன் அல்ல என்று வரும். இதைக் கவனிக்காமல் ஸ்கிரிப்டுகளை மேலும் கீழும் மாற்றி ஒரு நாளைத் தொலைக்கலாம். தீம் ஒரு ஜேக்வரியையும் பிளக்இன் இன்னொன்றையும் ஏற்றினால், பிந்தி வந்தது முந்தியதை மூடிவிடும். முந்தியதோடு ஒட்டியிருந்த துணை நிரல்களைப் புதியதில் தேடினால் கிடைக்காது.

இத்தனைக்கும் மூலம் ஒன்றுதான். எது எதை நம்பியிருக்கிறது என்பது எழுதியவர் மனசில் இருக்கிறது, உலாவியிடம் சொல்லப்படவில்லை. வரிசை அதற்கான மறைமுகக் குறிப்பு மட்டுமே. வேர்ட்பிரஸ் இதை நேராகவே கேட்கிறது. ஸ்கிரிப்டைப் பதிவு செய்யும்போது அது சார்ந்திருப்பவற்றின் பட்டியலையும் கொடுத்தால், வரிசையை அதுவே கணக்கிட்டுக்கொள்ளும். 2023இல் வந்த 6.3 பதிப்பு முதல் டிஃபர், அசிங்க் வேண்டுமா என்பதையும் அங்கேயே சொல்லலாம். சார்ந்திருக்கும் ஸ்கிரிப்டுகளுக்கு அது இடைஞ்சலானால் வேர்ட்பிரஸே அதை அடக்கிவிடும்.

ஜாவாஸ்கிரிப்ட் மொழியே 2015இல் மாட்யூல்களை ஏற்றது. 2017, 2018இல் அவை முக்கிய உலாவிகளுக்குள் வந்தன. ஒவ்வொரு கோப்பும் தன் தலைப்பில் தனக்கு யார் யார் வேண்டும் என்று இம்போர்ட் வரியாக எழுதுகிறது. அவர்கள் எல்லோரும் வந்து ஓடிய பிறகுதான் அது ஓடும். இதற்கும் விலை உண்டு. ஒரு கோப்பு இறங்கிய பிறகுதான் அதற்கு இன்னொன்று வேண்டும் என்பது தெரியவரும். சங்கிலி நீளமானால் காத்திருப்பும் நீளும். அதனால்தான் பலரும் பண்ட்லர் கொண்டு எல்லாவற்றையும் முன்கூட்டியே ஒன்றாகக் கட்டி அனுப்புகிறார்கள்.

அசிங்க் பண்பைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. வருகையாளரை எண்ணும் நிரல் போல, யாரையும் நம்பாத, யாரும் நம்பியிராத ஸ்கிரிப்டுக்கு அதைவிடப் பொருத்தமானது கிடையாது.