கல்லுக்குள் நார்!

ஆம்பூரிலிருந்து ராணிப்பேட்டை வரைக்கும் பஸ்ஸில் ஜன்னலோரமா உட்கார்ந்து போயிருக்கீங்களா? அடுத்த தடவை போறப்போ கூரைகளை மட்டும் கவனிங்க. தோல் ஷாப், குடோன், டீக்கடை, சைக்கிள் ஸ்டாண்ட், லைன் வீடு... எங்கே பார்த்தாலும் சாம்பல் நிறத்தில் அலை அலையா ஷீட்! 'சிமென்ட் ஷீட்'னு சொல்றோம். பெரும்பகுதி சிமென்ட்தான். ஆனா, எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு ஆஸ்பெஸ்டாஸ். இப்போ அது இல்லாத ஷீட்டும் கிடைக்குது. கடைக்காரரைக் கேட்டாத்தான் தெரியும்.

சரி, ஆஸ்பெஸ்டாஸ்னா என்ன? கெமிஸ்ட்ரி படிக்கிற ஃப்ரெண்ட் ஒரே ஒரு ஃபார்முலா எழுதிக் காட்டுவார்னு நினைச்சா ஏமாந்துடுவீங்க. அது ஒரு தாதுவோட பெயரே இல்லை, மார்க்கெட் பெயர்! தீயில் எரியாத, நூல் நூலாகப் பிரியற, துணியாக்கூட நெய்ய முடிகிற கற்களுக்கு வியாபாரத்தில் வந்த பொதுப்பெயர். தமிழில் 'கல்நார்'. இதைவிட கச்சிதமா டெஃபனிஷன் சொல்ல முடியாது.

சட்டங்கள் பொதுவா ஆறு தாதுக்களை இந்தப் பட்டியலில் வெச்சிருக்கு. பாம்புக்கல் குடும்பத்தில் ஒண்ணு: கிரைசோடைல், அதாவது வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ். சுருண்ட, வளையக்கூடிய நார். நம்ம கூரையில் இருக்கிறது இதுதான். மீதி அஞ்சும் ஆம்ஃபிபோல் குடும்பம். ஊசி மாதிரி நேரா நிற்கும். நீல நிற குரோசிடோலைட், பழுப்பு நிற அமோசைட், டிரெமோலைட், ஆக்டினோலைட், ஆந்தோஃபிலைட். இதில் அமோசைட்ங்கிற பெயரே, தென்னாப்பிரிக்க ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கங்களோட ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து உருவாக்கினது!

இன்னொரு வேடிக்கை. குரோசிடோலைட்டுக்கு ரீபெக்கைட்னு ஒரு உடன்பிறப்பு உண்டு. வேதியியல்படி ரெண்டும் ஒண்ணு. ஆனா ரீபெக்கைட் சும்மா கல். நாரா வளர்ந்தா மட்டும்தான் அது ஆஸ்பெஸ்டாஸ். தோல் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது ஈஸியா புரியும். 'வெட் ப்ளூ' தோலில் இருக்கிறதும் குரோமியம்தான்; ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை விட்டுட்டுப் போன கழிவுமலையில் இருக்கிறதும் குரோமியம்தான். ரெண்டும் ஒண்ணாகிடுமா? அங்கே வித்தியாசம் மின்னேற்றத்தில், இங்கே வடிவத்தில். அவ்வளவுதான்.

வடிவத்தை எப்படி அளக்கிறது? 5 மைக்ரானுக்கு மேல் நீளம், 3 மைக்ரானுக்குக் கீழ் அகலம், அகலத்தைப் போல குறைஞ்சது மூணு மடங்கு நீளம். இப்படி இருந்தாத்தான் காற்றுப் பரிசோதனையில் அது 'நார்' கணக்கில் வரும். இது மைக்ராஸ்கோப்பில் எண்ணுவதற்காக வெச்ச விதி. நம்ம நுரையீரலைக் கேட்டு எழுதினதில்லை. சாதாரண மைக்ராஸ்கோப்புக்கு மிக மெல்லிய நார்கள் தெரியவே தெரியாது.

பட்டியலும் அப்படித்தான். துருக்கியில் காரைன், துஸ்கோய் கிராமங்களில் மெசோதெலியோமா (நுரையீரல் உறையில் வரும் புற்றுநோய்) கொத்துக்கொத்தா வந்தது. காரணம், அந்த மண்ணிலும் வீட்டுச் சுவர்க் கற்களிலும் இருந்த எரியோனைட். அது ஆஸ்பெஸ்டாஸே கிடையாது. நார் வடிவ ஜியோலைட். அமெரிக்காவின் லிபி ஊரில் வெர்மிகுலைட் சுரங்கத்தால் ஜனங்க செத்தாங்க. அங்கே இருந்த நாரில் பெரும்பகுதி வின்சைட், ரிக்டரைட். ஆறு பேர் பட்டியலில் ரெண்டுமே இல்லை! 2009-இல் அங்கே பொதுச் சுகாதார அவசரநிலையே அறிவிச்சாங்க.

வகைப்பாடு இப்போ அரசியலுக்கு வருது. ஆபத்தான ரசாயனங்களை ஏற்றுமதி பண்றதுக்கு முன்னாடி வாங்குற நாட்டின் சம்மதம் கேட்கச் சொல்லும் ராட்டர்டாம் உடன்படிக்கையில் அஞ்சு ஆம்ஃபிபோல்களும் இருக்கு. கிரைசோடைல் இல்லை. 2006 முதல் பல கூட்டங்களில் பேசியும் ஒருமித்த முடிவு வரலை. எதிர்த்த நாடுகளில் இந்தியாவும் உண்டு. 'வெள்ளை பரவாயில்லை'ங்கிறது விற்கிறவங்க வாதம். ஆனா உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு ஆறையுமே புற்றுநோய் உண்டாக்குபவைன்னு முதல் வகுப்பில் வெச்சிருக்கு. ஐரோப்பிய யூனியன் 2005-இல் கிரைசோடைலைத் தடை பண்ணிடுச்சு, அமெரிக்கா 2024-இல். இங்கே சுரங்கத்துக்குப் புது குத்தகை தருவதை நிறுத்தி பல வருஷம் ஆச்சு, ஆனா இறக்குமதி பண்றோம். என்ன நியாயமோ!

பயந்து இன்னிக்கே கூரையைப் பிரிச்சிடாதீங்க. உடையாத ஷீட் சும்மா கிடந்தா பெரிய வம்பில்லை. அறுக்கும்போதும், துளை போடும்போதும், உடைக்கும்போதும்தான் நார் பறக்கும். நோய் தலைகாட்ட 20, 30, 40 வருஷம்கூட ஆகலாம். அதனால்தான் உச்ச நீதிமன்றம் 1995-இல், ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளியின் உடல்நலப் பதிவை வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து 40 வருஷமோ, வேலையை விட்டதிலிருந்து 15 வருஷமோ, எது பிந்தியதோ அதுவரை வெச்சிருக்கணும்னு சொல்லுச்சு. ஃபேக்டரி ஆளுக்கு அது. உங்க வீட்டுக் கூரையில் ஏறி ஷீட் மாத்தற அண்ணனுக்கு எந்த ரிஜிஸ்டர் இருக்கு?

அவர் வர்ற அன்னிக்கு ஒரு வாளி தண்ணி ரெடியா வைங்க. ஷீட்டை நனைச்சிட்டு முழுசாக் கழட்டச் சொல்லுங்க. மிஷின் வெச்சு அறுக்கவே வேண்டாம். துகளை விளக்குமாறால் பெருக்காம ஈரத்துணியால் ஒத்தி எடுங்க. சின்னப் பசங்களை அந்தப் பக்கமே விடாதீங்க.