கப்பலில் பழகியவர்களுக்குக் கரை பிடிக்குமா?

சொகுசுக் கப்பலில் ஒருமுறை போய்வந்தவர் அடுத்த விடுமுறைக்கும் கப்பலைத்தான் கேட்பார் என்பது பயண முகவர்களின் நம்பிக்கை. சர்வதேச குரூஸ் நிறுவனங்களின் சங்கம் வெளியிடும் ஆய்வுகளும் அதை ஒட்டியே இருக்கின்றன. போய்வந்தவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் மறுபடி போவோம் என்கிறார்கள். 2019-ல் 2.97 கோடியாக இருந்த உலக குரூஸ் பயணிகளின் எண்ணிக்கை, கொரோனா காலத்தில் அடியோடு சரிந்து, 2024-ல் 3.46 கோடிக்கு ஏறியிருக்கிறது.

இவர்களுக்கெல்லாம் மலையும் ரயிலும் ஊர் சுற்றுவதும் கசந்துவிட்டதா? அதே சங்கத்தின் இன்னொரு கணக்கு அப்படிச் சொல்லவில்லை. கப்பலில் போய் முதன்முதலாகப் பார்த்த ஊருக்குப் பிற்பாடு மறுபடியும் போயிருக்கிறோம் என்று 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் பதில் சொல்லியிருக்கிறார்கள். ஒரு தொழில் சங்கம் தன் தொழிலைப் பற்றித் தரும் கணக்கு இது. கொஞ்சம் கழித்துக்கொண்டுதான் படிக்க வேண்டும். ஆனாலும் கப்பல் பிரியர்களில் பலர் கரையை விட்டுவிடவில்லை என்பதை நம்பலாம். கரையில் அவர்களுக்கு எது பிடிக்கிறது, எது பிடிக்காமல் போகிறது என்பதைப் புரிந்துகொள்ள, முதலில் கப்பலில் அவர்கள் எதை விரும்புகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

பலரும் நினைப்பதுபோல் அது கடல் மட்டும் அல்ல. 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து முதல் பயணம் கிளம்பிய ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ கப்பலில் 20 தளங்கள். நிரம்பினால் 7,600 பயணிகள், அவர்களைக் கவனிக்க 2,350 ஊழியர்கள். நீச்சல் குளங்கள், நீர்ச்சறுக்குகள், பனிச்சறுக்கு அரங்கம், மரஞ்செடிகள் வளர்ந்த ஒரு தோட்டம் என்று உள்ளேயே ஓர் ஊர் இருக்கிறது. கடலைத் திரும்பிப் பார்க்காமலே அதில் ஒரு வாரத்தைக் கழித்துவிடலாம். கப்பல் பயணிகள் முதலில் சொல்லும் சௌகரியம் வேறு: பெட்டியை ஒரே ஒரு தடவை பிரித்தால் போதும். இரவில் தூங்கி எழுந்தால் வேறொரு ஊர் ஜன்னலுக்கு வெளியே நிற்கும். சாப்பாட்டுக்கு எங்கே போவது, டாக்ஸிக்காரர் ஏமாற்றுவாரா, அடுத்த விடுதியில் அறை தயாராக இருக்குமா என்ற கவலை எதுவும் இல்லை. தாத்தா பாட்டியும் பேரக்குழந்தைகளும் சேர்ந்து போகும் குடும்பத்தில், விடுமுறை முழுக்க எல்லாருக்கும் ஏற்பாடு செய்தே களைத்துப்போகும் ஒருவர் இருப்பார், பெரும்பாலும் அம்மா. அவருக்குக் கிடைக்கும் ஓய்வுதான் கப்பலின் உண்மையான சரக்கு என்று எனக்குத் தோன்றுகிறது.

சிலருக்கு இது விருப்பத்தைத் தாண்டிய விஷயம். முழங்கால் தேய்ந்தவர்கள், சக்கர நாற்காலியில் இருப்பவர்கள், நெஞ்சு வலிக்கு மாத்திரை எடுப்பவர்கள் ஆகியோருக்கு லிஃப்ட்டும் அகலமான கதவுள்ள அறையும் மருத்துவரும் ஒரே இடத்தில் இருக்கும் விடுமுறை வேறு எங்கே கிடைக்கும்? அவர்கள் ஆண்டுக்காண்டு கப்பலுக்கே போவதைப் பழக்கத்தின் அடிமைத்தனம் என்று யாராவது சொன்னால், அது அநியாயம்.

நிறுவனங்களும் சும்மா இருப்பதில்லை. ராயல் கரீபியனில் கப்பலில் கழிக்கும் ஒவ்வோர் இரவுக்கும் ஒரு புள்ளி. சொகுசு அறை என்றால் இரட்டிப்பு. 80 புள்ளி சேர்ந்தால் ‘டைமண்ட்’, 175-க்கு ‘டைமண்ட் பிளஸ்’, 700-க்கு ‘பினக்கிள்’. படி ஏற ஏற இலவச பானங்களும் சலுகைகளும் கூடும். 70 புள்ளியில் நிற்பவருக்கு இந்த ஆண்டு மலைக்குப் போகலாமா, கப்பலுக்குப் போகலாமா என்ற கேள்வி அவ்வளவு சுதந்திரமான கேள்வி இல்லை. கரையையும் இந்த நிறுவனங்கள் தங்கள் கைக்குள் கொண்டுவருகின்றன. பஹாமாஸில் ராயல் கரீபியனுக்கு 2019-ல் புதுப்பித்துத் திறந்த கோகோகே தீவு, கார்னிவலுக்கு 2025-ல் திறந்த செலிபிரேஷன் கீ கடற்கரை. அங்கே இறங்குபவர் மண்ணில் கால் வைக்கிறார், உண்மைதான். ஆனால் இன்னொரு நாட்டுக்குள் போனார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கப்பலால் தர முடியாத ஒன்று உண்டு: ஊரின் இரவு. வழக்கமாகக் காலை ஏழு, எட்டு மணிக்குத் துறைமுகத்தை அடையும் கப்பல் மாலை ஐந்து, ஆறு மணிக்கெல்லாம் புறப்பட்டுவிடும். அதற்கு அரை மணி நேரம் முன்பாவது ஏறியிருக்க வேண்டும். கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவில் போனவர்கள் தாமதித்தால் காத்திருப்பார்கள். சொந்தமாக ஊர் சுற்றப் போனவருக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. அதனால் மதியத்திலிருந்தே கண் கடிகாரத்தின் மேல் இருக்கும்.

நம் பக்கத்திலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. 2023 ஜூனில் சென்னையிலிருந்து இலங்கைக்குக் கிளம்பிய கோர்டிலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்களுக்குச் சென்றது. சில மணி நேரத்தில் கோணேசுவரத்தைத் தரிசித்துவிடலாம், நல்லூர்க் கந்தனைக் கும்பிட்டுவிட்டு யாழ்ப்பாண நூலகத்தை வெளியிலிருந்து பார்த்துவிடலாம். ஒரு யாழ்ப்பாணத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மாலை முழுக்கப் பேசிக்கொண்டிருக்க முடியாது. அதற்குச் சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்குப் போய், நான்கு நாள் தங்க வேண்டும். கப்பலில் போய்ப் பார்த்த இடத்துக்கு ஜனங்கள் மறுபடி போவது ஏன் என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

இரண்டு வகை விடுமுறையும் ஒரே பயணத்துக்குள் மோதிக்கொள்வதைப் பார்க்க அலாஸ்காவுக்குப் போக வேண்டும். கனடாவின் வான்கூவரிலிருந்து ஏழு இரவு கப்பல். அதன் பிறகு மூன்று முதல் ஆறேழு நாள் வரை ரயிலும் பஸ்ஸும் காட்டு விடுதியும். பிரின்சஸ், ஹாலந்து அமெரிக்கா ஆகிய நிறுவனங்கள் இதைப் பல காலமாக நடத்துகின்றன. அங்கே அவற்றுக்குச் சொந்த விடுதிகளும், கண்ணாடிக் கூரை போட்ட ரயில் பெட்டிகளும் உண்டு.

கப்பல் பகுதி எல்லாருக்கும் பிடிக்கும். ஜூனோ நகரத்துக்கு வெளியூரிலிருந்து சாலையே கிடையாது. கடல் வழியாகவோ வான் வழியாகவோதான் போக முடியும், அதனால் அங்கே கப்பல் இயல்பான வாகனம். 32,000 பேர் வசிக்கும் அந்த ஊருக்கு ஒரே கோடையில் 16 லட்சத்துக்கும் மேல் கப்பல் பயணிகள் வந்து இறங்க, 2024 முதல் நாளைக்கு ஐந்து பெரிய கப்பல்கள் மட்டும் என்று வரம்பு போட்டார்கள். கிளேசியர் பே தேசியப் பூங்காவில் நாளைக்கு இரண்டே குரூஸ் கப்பல்கள். பனியாறு உடைந்து கடலில் விழுவதை மேல்தளத்தில் நின்று பார்க்கும் அந்தக் காட்சிக்கு நிகராகக் கரையில் எதுவும் இல்லை.

அப்புறம் விட்டியர் துறைமுகத்தில் இறங்குகிறார்கள். மலையைக் குடைந்த 4 கிலோமீட்டர் சுரங்கம்; ஒரே பாதையை ரயிலும் காரும் முறை வைத்துப் பயன்படுத்துகின்றன. அதைத் தாண்டியதும் விடுமுறையின் குணம் மாறிவிடுகிறது. சொன்ன நேரத்தில் பெட்டியை அறைக் கதவுக்கு வெளியே வைத்துவிட வேண்டும். விடுதியில் சாப்பாட்டுக்குப் பெரும்பாலும் தனியாகப் பணம். இரவு ஆட்டம் பாட்டம் இல்லை. விடியற்காலையில் டெனாலி பூங்கா பஸ். சொந்தக் காரில் போனால் முதல் 24 கிலோமீட்டர்தான் விடுவார்கள், அதற்கு மேல் பஸ் மட்டும். யாராவது மிருகத்தைப் பார்த்தால் நிறுத்தச் சொல்லிக் குரல் கொடுப்பார்கள், ஓட்டுநர் நிறுத்துவார், எல்லாரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து தூரத்துச் சரிவில் நகரும் பழுப்புப் புள்ளியைத் தேடுவார்கள். கரடியாக இருக்கலாம், பாறையாகவும் இருக்கலாம். 6,190 மீட்டர் உயரமுள்ள டெனாலி சிகரம் பெரும்பாலும் மேகத்துக்குள் ஒளிந்திருக்கும். வருகிறவர்களில் மூன்றில் ஒருவருக்குத்தான் அது முகம் காட்டும் என்பது அங்கே வழக்கமான பேச்சு.

கப்பல் பிரியர்கள் இங்கேதான் பிரிகிறார்கள். ஓய்வுக்காகக் கப்பலை விரும்பியவருக்கு இந்த நாட்கள் பாரமாக இருக்கும்; பெட்டி கட்டியே மாளவில்லை என்பார். ஊர்களைப் பார்க்கும் ஆசையில் கப்பல் ஏறியவரோ, இத்தனை நாள் கரையோரத்தைத்தான் பார்த்தோம், நாடு உள்ளேயல்லவா இருக்கிறது என்று உற்சாகமாகிவிடுவார். இதில் யாருடைய ரசனையும் மட்டமில்லை. ஆனால் இரண்டாமவர் அடுத்த ஆண்டு ரயிலில் போவார், மலையில் தங்குவார், அதற்கடுத்த ஆண்டு கப்பலுக்கும் வருவார். முதலாமவருக்குக் கரையில் பிடிப்பவை வேறு: எல்லாச் செலவும் அடங்கிய கடற்கரை விடுதி, சமையலாளோடு வரும் ஆலப்புழை படகு வீடு, அல்லது நதிக் கப்பல். 2023 ஜனவரியில் வாராணசியிலிருந்து திப்ரூகருக்குக் கிளம்பிய கங்கா விலாஸில் 36 பயணிகளுக்கு மட்டுமே இடம்; 51 நாளில் சுமார் 3,200 கிலோமீட்டர். கட்டணம் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாது. பெட்டியைப் பிரிப்பது ஒரே தடவை என்ற சுகம் அதிலும் உண்டு, கரையும் எந்நேரமும் கண்ணுக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கிறது.

கப்பலையும் கரையையும் சேர்த்துப் பார்க்க விரும்புகிறவர்கள், கப்பல் கிளம்பும் ஊருக்கு இரண்டு நாள் முன்னதாகவே போய்விடுவது நல்லது. விமானம் தாமதமானாலும் கப்பல் தவறாது. அந்த ஊரின் இரவையும் பார்த்துவிடலாம். அலாஸ்கா என்றால் இன்னொன்று: இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு அமெரிக்க விசாவோடு கனடா விசாவும் வேண்டும். சியாட்டிலில் ஏறி சியாட்டிலிலேயே இறங்கும் பயணத்துக்கும் இது பொருந்தும். வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களை மட்டும் சுற்றிவிட்டு வருவதை 1886-ல் போட்ட ஒரு சட்டம் தடுப்பதால், அந்தக் கப்பல்கள் வழியில் கனடாவின் விக்டோரியா போன்ற துறைமுகத்தில் நின்றுதான் திரும்புகின்றன. விசாவுக்குப் பல மாதங்கள் ஆகலாம் என்பதால், கோடையில் போக நினைப்பவர்கள் முந்தைய ஆண்டிலேயே விண்ணப்பித்துவிட வேண்டும்.