வண்டி நிழலில் வந்த நாய்

டாக்டர் கையடக்கக் கருவி ஒன்றை மணியின் கழுத்தருகே ஓட்டினார். ‘கீ’ என்று ஒரு சத்தம். சின்னத் திரையில் 15 இலக்கம் வந்து நின்றது. தோலுக்கு அடியில் அரிசி அளவில் இருக்கும் மைக்ரோசிப்பின் எண் அது. அக்கா மகள் கையிலிருந்த தாளோடு அதை இரண்டு தடவை ஒப்பிட்டுப் பார்த்தாள்.

“ஒரு நம்பர் மாறினாலும் ஃபிராங்க்ஃபர்ட்ல பிடிச்சு வச்சுக்குவாங்க மாமா.”

மணி எங்கள் ஊர்ப்பக்கம் சந்தவாசலில் டீக்கடைப் பின்புறம் பிறந்த நாட்டு நாய். குட்டியாக இருந்தபோது அவள் பெங்களூருக்குத் தூக்கிப்போய் வளர்த்தாள். இப்போது மாப்பிள்ளைக்கு ஹாம்பர்க்கில் இரண்டு வருட வேலை. நாயும் கூடப் போகிறது. அதோடு விட்டார்களா? செப்டம்பரில் கிரீஸ் நாட்டு லெஃப்கடா தீவில் பாய்மரப் படகு ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஒரு வாரம் தீவு தீவாகச் சுற்றப் போகிறார்களாம். அதிலும் மணி உண்டு.

விஷயத்தைக் கேட்டதும் என் அம்மா சொன்னது: “நாய்க்கு இன்னாத்துக்குடி கப்பலு? கயித்துக் கட்டில்ல ஏத்தினாலே குதிச்சிப் பூடுது.”

நான் பையனாக இருந்தபோது எங்கள் வீட்டு நாய் பயணம் போனது வண்டிக்கு அடியில்தான். தாத்தா மாட்டுவண்டி பூட்டினால் போதும், யாரும் கூப்பிடாமலே வந்து இரண்டு சக்கரத்துக்கும் நடுவில், வண்டியின் நிழலில் நடக்கும். வண்டி நின்றால் அச்சுக்குக் கீழே படுத்துக்கொள்ளும். படவேடு ரேணுகாம்பாள் கோயில் ஆடி வெள்ளிக்கும் அப்படித்தான் வந்தது. மேற்கே ஜவ்வாது மலையிலிருந்து தேனும் சாமையும் கடுக்காயும் தலைச்சுமையாக இறக்கிவரும் மலைக்காரர்களுக்கு முன்னால் ஒரு நாய் ஓடிவரும். அதை யாரும் ‘கூட்டிவந்தார்கள்’ என்று சொல்ல மாட்டார்கள். அது வந்தது, அவ்வளவுதான்.

நாய்க்கு மதிப்பில்லாத ஊர் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் மாவட்டத்தில் செங்கம் பக்கத்து எடத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. செத்த வீரனோடு அவன் நாயையும் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். திருடர்களைக் கடித்துக் காவல் நின்ற நாய். கிட்டத்தட்ட 1,400 வருடம் ஆகிறது.

கடல் தாண்டுவதுதான் வேறு கதை. எங்கள் பழைய வட ஆற்காடு ஜில்லாவில் அதற்குப் பிழைக்கப் போவது என்றுதான் அர்த்தம். சென்னையிலிருந்து போன ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் நின்றது. அதற்குப் பின்னால் அரை நூற்றாண்டு, நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போன ஒப்பந்தக் கூலிகளில் வட ஆற்காட்டுக்காரர்கள் ஏராளம். காகிதமும் எண்ணும் அன்று மனிதனுக்குத்தான். ஊர் சுற்றிப் பார்க்கக் கப்பல் ஏறுவது என்ற பேச்சே கிடையாது.

நாய்க்குக் காகிதம் எங்கிருந்து வந்தது? வெறிநோயிலிருந்து.

அன்று நாய் கடித்தால் ஊசி மனிதனுக்கு. தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று சொன்னாலே எங்கள் தலைமுறைக்கு வயிறு இழுக்கும். பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர் தினமும் காலை பஸ் ஏறி வேலூர் போய்ப் போட்டுக்கொண்டு வந்தார். திரும்பி வரும்போது சட்டையைக் கையால் தூக்கிப் பிடித்தபடி நடப்பார். துணி உரசினாலும் வலிக்குமாம். அந்த மருந்து ஆட்டு மூளையில் தயாரானது. டேவிட் செம்பிள் என்ற பிரிட்டிஷ் ராணுவ டாக்டர் 1911-இல் கசௌலியில் கண்டுபிடித்த முறை. நம் பக்கத்தில் குன்னூர் பாஸ்டர் நிலையம், 1907-இல் தொடங்கியது, இந்த மருந்தைச் செய்து அனுப்பிக்கொண்டிருந்தது. 2004 கடைசியோடுதான் ஆட்டு மூளை மருந்து இந்தியாவில் நின்றது. இப்போது தோளில் நாலைந்து ஊசி. போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடலாம்.

அன்று கடிபட்டவன் வாங்கிய ஊசியை இன்று கடிக்காத நாயும் வாங்குகிறது. ஐரோப்பாவுக்குள் நுழைய அதில் ஒரு வரிசை இருக்கிறது, முன்பின் மாறக்கூடாது. முதலில் சிப். பிறகுதான் வெறிநோய்த் தடுப்பூசி. சிப்புக்கு முன்னால் போட்ட ஊசி கணக்கில் வராது, எந்த நாய்க்குப் போட்டது என்று எப்படித் தெரியும்? ஊசி போட்டு 30 நாள் ஆன பிறகு ரத்தம் எடுத்து, ஐரோப்பிய ஒன்றியம் ஏற்றுக்கொண்ட ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். எதிர்ப்புச் சக்தி ஒரு மில்லிக்கு 0.5 அலகாவது இருக்க வேண்டும். இருந்தாலும் உடனே கிளம்ப முடியாது, ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். உடம்பில் நோய் ஒளிந்திருந்தால் அதற்குள் வெளியே வந்துவிடும் என்ற கணக்கு. ஆக, பொங்கலுக்கு ஊசி போட்ட மணி மே மாதத்துக்கு முன்னால் விமானம் ஏற முடியாது.

கிளம்பும் வாரத்தில் மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் நிலையத்தில் சான்றிதழ் வாங்க வேண்டும். சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறது. பதினைந்து கிலோ நாய் மடியில் உட்கார முடியாது, கூண்டில் போட்டு விமானத்தின் அடிவயிற்றில்தான் அனுப்புவார்கள். கூண்டுக்குள் அது நிமிர்ந்து நிற்க வேண்டும், திரும்ப வேண்டும், காலை நீட்டிப் படுக்க வேண்டும் என்பது விதி. தூக்க மருந்து கொடுக்கக்கூடாது. அதனால் நாலு மாதமாக மணிக்கு அந்தக் கூண்டிலேயே சாப்பாடு. இப்போது பகலில் தானாகவே போய்ப் படுத்துக்கொள்கிறது. வண்டி அச்சுக்குக் கீழே படுத்த நாயின் வம்சம்தானே.

இத்தனையும் அநியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை. 2012 வரை இங்கிருந்து பிரிட்டன் போகும் நாயை ஆறு மாதம் தனியே அடைத்து வைத்தார்கள். அதற்கு இது எவ்வளவோ மேல். என் வருத்தம் வேறு. மணியோடு பிறந்த குட்டிகள் இன்னும் டீக்கடைப் பக்கம்தான் திரிகின்றன. அவற்றுக்கு ஒரு ஊசி கிடையாது. கிரீஸ்காரனுக்காக மணிக்குப் போட்டதை, பள்ளிக்கூடம் விட்டு வரும் நம் பிள்ளைகளுக்காக அவற்றுக்கும் போட்டிருக்கலாம்.

படகு விஷயத்தை மாப்பிள்ளை விளக்கினார். ஜூலை, ஆகஸ்டில் ஏஜியன் கடலில் மெல்டெமி என்ற வடகாற்று பலமாக அடிக்குமாம். அதனால் மேற்கே அயோனியன் கடல், அதுவும் செப்டம்பர். நாயை ஏற்க எல்லாப் படகுக்காரர்களும் சம்மதிப்பதில்லை. சம்மதிப்பவர்கள் கழுவிவிடத் தனிக் காசு கேட்கிறார்கள். கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே வலை கட்ட வேண்டும். மேல்தளம் வெயிலில் கொதிக்கும். உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டால் வயிற்றால் போகும். பெரிய பிரச்சினை ஒன்றுக்குப் போவது. மண் வாடை இல்லாத இடத்தில் நாட்டு நாய் காலைத் தூக்காது. அதற்காக மாடியில் ஒரு செயற்கைப் புல் விரிப்பு போட்டுப் பழக்கியிருக்கிறார்கள். மணி அதன்மேல் அழகாகத் தூங்குகிறது.

கிரீஸ் எல்லையைத் தாண்டக்கூடாது என்றும் முடிவு. ஏஜியன் பக்கம் கோஸ் தீவில் நின்றால் துருக்கியின் போட்ரம் கண்ணுக்குத் தெரியுமாம். ஆனால் நாயோடு அங்கே ஒரு டீ குடித்துவிட்டு வந்தால்கூட ஐரோப்பாவுக்குள் திரும்ப நுழையும் நாய்தான், காகிதங்களை மறுபடி நீட்ட வேண்டும். கிரேக்கரிடம் போகும் முதல் இந்திய நாய் மணி அல்ல. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில், கிரேக்கர் ஆண்ட எகிப்தில் ஜெனோன் என்ற அதிகாரியிடம் டவ்ரோன் என்று ஒரு இந்திய நாய் இருந்தது. எஜமானைக் காட்டுப்பன்றியிடமிருந்து காப்பாற்றிச் செத்தது. அதற்கு எழுதிய இரங்கற்பா பாப்பிரஸ் தாளில் இன்னும் இருக்கிறது. டவ்ரோனுக்காக எழுதியதில் அந்தத் தாள் ஒன்றுதான் நம் கைக்கு வந்திருக்கிறது. மணியின் கோப்பில் இப்போதே பதினேழு தாள்.

போன ஞாயிறு நீச்சல் ஒத்திகைக்காக மணியை எங்கள் கொல்லைக் கிணற்றுக்குக் கொண்டுவந்தார்கள். நான் முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கை கட்டி நீந்தக் கற்ற அதே கிணறு. தாத்தா அரைஞாண் கயிற்றைப் பிடித்துத் தண்ணீரில் இறக்குவார். மணிக்கு ஆரஞ்சு நிறத்தில் மிதவைச் சட்டை, முதுகில் கைப்பிடி. மாப்பிள்ளை அதைப் பிடித்தபடி கடைசிப் படியில் உட்கார்ந்து மெல்ல இறக்கினார். மணி ஒரு சுற்று நீந்தியது. நாங்கள் கைதட்டுவதற்குள் படியேறி மேலே போய், மோட்டார் கொட்டகை ஓரம் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்த அம்மாவின் பக்கத்தில் நின்று உடம்பை ஒரு உதறு உதறியது.

“இதுக்குத்தாண்டா சொன்னேன்” என்றாள் அம்மா, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு.