பழைய மினி டிராக்டருக்கு ரொட்டவேட்டர்: பட்டறைக்குப் போகும் முன்

பழைய மினி டிராக்டரைக் கைமாற்றி வாங்குகிறவர்கள் அடுத்துச் செய்யும் வேலை, அதன் பின்னால் ஒரு ரொட்டவேட்டரை மாட்டுவது. வாழை, தென்னந்தோப்புகளில் வரிசைக்கு நடுவே ஓட்ட 18, 20 எச்.பி. வண்டிதான் வசதி. புதிய கருவிக்குப் பணம் புரளாததால், பெரிய வண்டியில் ஓடிய ரொட்டவேட்டரை வாங்கிப் பட்டறையில் வெட்டி ஒட்டிக்கொள்கிறார்கள். பில் கிடையாது. ஆர்.சி. புத்தகம் பழைய உரிமையாளர் பெயரிலேயே இருக்கிறது. சுழலும் ஷாஃப்டுக்கு மூடியும் இல்லை. கை போன பிறகுதான் இந்த மூன்றும் நினைவுக்கு வருகின்றன.

முதல் கோளாறு, கருவியை வண்டியோடு இணைக்கும் பின்னில் தொடங்குகிறது. சிறிய வண்டியின் கீழ்க் கைகளுக்கு 22 மி.மீ. பின், பெரிய வண்டிக்கான கருவியில் இருப்பது 28 மி.மீ. அதை அறுத்துவிட்டு, கையில் கிடைத்த கம்பியை வெல்டிங் வைத்துக் கொடுக்கிற பட்டறைகள் உண்டு. கருவியைத் தூக்கிக்கொண்டு வரப்பு ஏறும்போது முழு எடையும் அந்த ஒட்டில்தான் நிற்கிறது. எடையும் பொருந்த வேண்டும். கருவியைத் தூக்கியதும் முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பிடிமானம் இழந்தால், அந்தக் கருவி அந்த வண்டிக்கானது அல்ல. முன்னால் இரும்பை ஏற்றிச் சமாளிப்பதற்கும் ஓர் எல்லை இருக்கிறது.

பலரும் கவனிக்காத இன்னொன்று கிளட்ச். பழைய வண்டிகள் பலவற்றில் சக்கரத்துக்கும், கருவியைச் சுழற்றும் பி.டி.ஓ.வுக்கும் ஒரே கிளட்ச். சுற்றும் ரொட்டவேட்டரின் வேகம் ஷாஃப்ட் வழியாகக் கியர் பெட்டியைத் திருப்பித் தள்ளும். கிளட்சை முழுக்க மிதித்தாலும் வண்டி சில அடி முன்னே போய்த்தான் நிற்கும். வரப்போரமோ கிணற்றோரமோ அந்தச் சில அடிதான் உயிர். ஒரு பக்கம் மட்டும் விசையைக் கடத்தும் ஓவர்ரன்னிங் கப்ளரைப் பி.டி.ஓ. முனையில் மாட்டினால் இந்தத் தள்ளல் நிற்கும். கப்ளர் சேர்ந்த பிறகு ஷாஃப்டின் நீளத்தை மறுபடி அளந்து பார்க்க வேண்டும். கருவியைத் தூக்கி இறக்கும்போது ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு குழாய்களும் முட்டவும் கூடாது, கழன்று வரவும் கூடாது. கல்லில் மாட்டினால் அறுந்துபோவதற்கென்றே வைத்த ஷியர் போல்ட் இருந்தால், அதை எடுத்துவிட்டுக் கெட்டியான போல்ட் போடக் கூடாது. அது அறுபடாவிட்டால் கியர் பெட்டி உடையும்.

வழக்கமான பி.டி.ஓ. வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு ஒன்பது. 35 மி.மீ. தடிமனுள்ள ஷாஃப்ட் கூட அந்த ஒரு நொடியில் ஏறக்குறைய ஒரு மீட்டர் துணியைச் சுருட்டிவிடும். தோளில் கிடக்கும் துண்டு, லுங்கி நுனி, சேலை முந்தானை எதுவானாலும் கையை உதறி விடுவிக்க நேரமே இருக்காது. பிளாஸ்டிக் மூடி உடைந்திருந்தால் புதிதாக மாட்டிய பிறகே வண்டியை எடுக்க வேண்டும். கத்தியில் கொடி சுற்றிக்கொண்டால் பி.டி.ஓ.வை விலக்கி, எஞ்சினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, கத்தி நின்ற பிறகே கிட்டே போக வேண்டும். தூக்கிய கருவிக்கு அடியில் கட்டை வைக்காமல் யாரும் குனியக் கூடாது. மீண்டும் சொல்ல வேண்டியிருக்கிறது: எஞ்சின் ஓடும்போது கத்திப் பக்கம் கை போகவே கூடாது.

இனி காகிதங்கள். வண்டி வாங்கியதும் படிவம் 29, 30 இரண்டிலும் விற்றவர் கையெழுத்தை வாங்கி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெயர் மாற்ற வேண்டும். வங்கிக் கடன் இருந்த வண்டி என்றால் கடன் நீக்கத்துக்குப் படிவம் 35. இன்சூரன்ஸைப் பெயர் மாற்ற, வாங்கிய 14 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று வருடக்கணக்கில் கிடப்பில் போடுகிறவர்களே அதிகம்.

புதிய ரொட்டவேட்டருக்கு மானியம் உண்டு. வேளாண்மைப் பொறியியல் துறையின் கோட்ட அளவிலான உதவி செயற்பொறியாளர் அலுவலகத்துக்குச் சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம், சிறு குறு விவசாயி சான்று, டிராக்டரின் ஆர்.சி. நகல் ஆகியவற்றோடு போக வேண்டும். ஆர்.சி. வேறொருவர் பெயரில் இருந்தால் இங்கேயே சிக்கல் வரும். ஒட்டுவேலைக்குக் கொட்டும் பணத்தையும் மானியம் போக மிஞ்சும் விலையையும் ஒப்பிட்டுப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். ஆய்வுக்கு வரும் அலுவலர்களும் கருவியோடு விவசாயியை நிறுத்திப் போட்டோ எடுப்பதோடு வேலையை முடித்துக்கொள்ளாமல், ஷாஃப்ட் மூடி இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். அதற்கு ஒரு நிமிடம் போதும்.

பட்டறை செய்த வேலை உடைந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வழி கேட்க 1915 என்ற எண் இருக்கிறது. ஆனால் கையில் பில் வேண்டும். என்ன வேலை, என்ன பாகம் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். உடைந்த பின்னைத் தூக்கி எறியாமல், படம் எடுத்துப் பத்திரமாக வைக்க வேண்டும்.

காயம் பட்டால், எப்படி நடந்தது என்பதை மருத்துவமனைச் சீட்டில் உள்ளபடி எழுதச் சொல்ல வேண்டும். வழக்குக்குப் பயந்து 'தவறி விழுந்தார்' என்று எழுதவைத்துவிட்டுப் பிறகு இழப்பீட்டுக்கு அலைகிறவர்கள் நிறையப் பேர். ஆண்டுக்கு 20 ரூபாய் பிரீமியத்தை வங்கியே பிடித்துக்கொள்ளும் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் விபத்து மரணத்துக்கு 2 லட்சமும், ஒரு கையையோ காலையோ இழந்தால் 1 லட்சமும் உண்டு; விண்ணப்பத்தைத் தாமதமின்றி வங்கிக் கிளையில் கொடுக்க வேண்டும். கூலிக்கு ஓட்டியவர் அடிபட்டால் உரிமையாளரே பொறுப்பு. டிராக்டரால் விவசாய வேலை செய்கிறவரை 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டமே தன் பட்டியலில் சேர்த்திருந்தது. இதற்கு மனு கொடுக்க வேண்டிய இடம் தொழிலாளர் துறை அலுவலகம். விபத்து நடந்த 2 ஆண்டுகளுக்குள் அங்கே மனு பதிவாகியிருக்க வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் பேசி முடித்த தொகை அந்தப் பதிவுக்கு ஈடாகாது.