எல்லைச் சாவடியில் ராமன் சிதறல்

அபினும் கஞ்சாவும் வயலில் விளைந்து, மூட்டை மூட்டையாகக் கடத்தப்பட்டு, தம் மணத்தாலேயே அகப்பட்டுக்கொள்பவை. ஆனால் ஆய்வகத்தில் முற்றிலும் வேதிப்பொருள்களைக் கொண்டே உருவாக்கப்படும் செயற்கைப் போதைப்பொருளுக்கு வயலும் வேண்டாம், பருவமும் வேண்டாம், மூட்டையும் வேண்டாம். 1960 வாக்கில் பெல்ஜிய மருத்துவர் பால் யான்சென் வலி நிவாரணியாக உருவாக்கியதும், இன்றும் அறுவை அரங்குகளில் முறையான மருந்தாகப் பயன்படுவதுமான ஃபென்டனில், மார்ஃபினைவிட 50 முதல் 100 மடங்கு வீரியம் கொண்டது. அதில் 2 மில்லிகிராம், அதாவது சில உப்புப் பரல்களின் அளவு, பழக்கமற்ற ஒருவரின் மூச்சை நிறுத்திவிடக்கூடும். எனவே எல்லையில் தேட வேண்டிய பொருளின் அளவு டன்னிலிருந்து கிராமுக்குச் சுருங்கிவிட்டது.

இந்தச் சுருக்கத்தை முதலில் பயன்படுத்திக்கொண்ட வழி அஞ்சல். கனடாவில் 30 கிராமும் அதற்குக் குறைவானதுமான அஞ்சல் உறைகளை அனுப்பியவர் அல்லது பெறுபவரின் ஒப்புதலின்றி எல்லை அதிகாரிகள் திறக்க இயலாது என்ற விதி 2017 வரை நடப்பில் இருந்தது. ஃபென்டனிலைப் பொறுத்தவரை 30 கிராம் என்பது பல்லாயிரம் பேரின் உயிருக்குப் போதுமான அளவு. 2019 மே முதல் நாளில் சீனா ஃபென்டனில் வகைப் பொருள்கள் அனைத்தையும் ஒட்டுமொத்தமாகக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்த பிறகு, அந்தப் போதைப்பொருளுக்குப் பதிலாக அதைத் தயாரிக்கத் தேவையான மூல வேதிப்பொருள்கள் மெக்சிகோவுக்குச் செல்லத் தொடங்கின. அங்கே உருவாகும் தூளும் மாத்திரையும் தரைவழியாக அமெரிக்காவுக்குள் நுழைகின்றன.

தரைவழிச் சாவடிகளில் முதல் தேடல் வாகனத்தின் உள்ளமைப்பைப் பற்றியது. 2019 ஜனவரியில் அரிசோனாவின் நோகாலெஸ் சாவடிக்கு வெள்ளரிக்காய் ஏற்றி வந்த சரக்கு லாரியின் எக்ஸ் கதிர்ப் படத்தில் தரைப்பகுதி இயல்புக்கு மாறாகத் தெரிந்ததாலும், மோப்ப நாய் அதை உறுதி செய்ததாலும், மறைவறையிலிருந்து சுமார் 115 கிலோ ஃபென்டனில் கைப்பற்றப்பட்டது. எனினும் எக்ஸ் கதிர் அடர்த்தியையும் வடிவத்தையும் மட்டுமே காட்டும். ஒளித்து வைக்கப்பட்டது எந்த வேதிப்பொருள் என்று அது சொல்லாது.

அந்த அடுத்த கேள்விக்கு விடை சொல்லும் கையடக்கக் கருவிகளில் முக்கியமானது, திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமன், கே. எஸ். கிருஷ்ணனுடன் இணைந்து 1928இல் கொல்கத்தாவில் கண்டறிந்த ஒளிச்சிதறலை அடிப்படையாகக் கொண்டது. ஒரு பொருளின் மீது ஒற்றை நிற ஒளி விழும்போது, சிதறும் ஒளித்துகள்களில் ஏறக்குறைய கோடியில் ஒன்று, அப்பொருளின் மூலக்கூறு அதிர்வுகளோடு ஆற்றலைப் பரிமாறிக்கொண்டு, சற்றே நிறம் மாறி வெளிவருகிறது. அந்த மாற்றங்களின் வரிசையே நிறமாலை எனப்படும், அது மூலக்கூறுக்கு மூலக்கூறு வேறுபடும். கண்ணாடிக் குப்பியையோ தெளிவான பிளாஸ்டிக் உறையையோ திறக்காமலே லேசரைப் பாய்ச்சி இந்த நிறமாலையைப் பெற முடிவதால், அதிகாரி நச்சுத்தூளைக் கையாள நேர்வதில்லை. கடலின் நீல நிறத்துக்குக் காரணம் தேடி ராமன் தொடங்கிய ஆய்வு இந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருப்பது, அடிப்படை அறிவியலுக்குச் செலவிடும் பணம் வீண் என்போருக்கு எடுத்துக்காட்ட வேண்டிய செய்தி.

ஆயினும் இக்கருவிக்கும் எல்லை உண்டு. 100 மில்லிகிராம் போலி மாத்திரையில் ஃபென்டனில் இரண்டு விழுக்காடே இருக்கும்போது, கருவி பெரும்பாலும் நிரப்புப் பொருளையே காண்கிறது. சாயம் கலந்திருந்தால் அது தானே ஒளிர்ந்து மெல்லிய ராமன் ஒளியை மறைத்துவிடுகிறது. வெள்ளியின் நுண்பரப்பில் மாதிரியை வைத்து அந்த ஒளியைப் பன்மடங்கு பெருக்கும் முறை இக்குறையை ஓரளவு தீர்க்கிறது. மற்றொரு வழி, பொதியின் மேற்பரப்பைத் துணியால் துடைத்து, அதிலுள்ள துகளைச் சூடாக்கி, மின்னேற்றம் பெற்ற அயனிகளாக மாற்றி, மின்புலத்தில் அவை ஒரு குழாயைக் கடக்கும் நேரத்தை அளப்பது. விமான நிலையங்களில் வெடிபொருள் தேடப் பயன்படும் இம்முறை கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கான நானோகிராம் அளவையும் உணரும்.

இவை அனைத்தையும் விடப் பெரிய இடர், கருவி தன் நினைவகத்தில் உள்ள பதிவுகளோடு ஒப்பிட்டே பெயர் சொல்கிறது என்பதுதான். மூலக்கூறின் ஒரு மூலையைச் சற்று மாற்றினால் பதிவில் இல்லாத புதுப் பொருள் பிறந்துவிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னெச்சரிக்கை அமைப்பு 2023 இறுதியில் இத்தகைய 950க்கும் மேற்பட்ட புதுப் பொருள்களைக் கண்காணித்து வந்தது. 1950களில் உருவாக்கப்பட்டு மருந்தாக ஏற்கப்படாமல் கைவிடப்பட்ட நிட்டாசீன் வகை வலி நிவாரணிகள் இப்போது கள்ளச் சந்தையில் தோன்றியுள்ளன. ஃபென்டனிலுக்கான சோதனைத் தாள்கள் அவற்றைக் காட்டுவதில்லை. ஆகவே விலையுயர்ந்த கருவிகளை வாங்குவது பாதி வேலை மட்டுமே. ஒரு நாட்டின் ஆய்வகம் புதிய மூலக்கூறின் நிறமாலையைப் பதிவு செய்தால், அது தாமதமின்றிப் பிற நாடுகளின் எல்லைக் கருவிகளைச் சென்றடைய வேண்டும். வணிகப் பூசலும் அரசியல் பிணக்கும் எவ்வளவு இருந்தாலும், அரசுகள் இந்தப் பரிமாற்றத்தை நிறுத்தக் கூடாது.